ரிசீவருக்குத் துணையாக ஒரு அம்ப் சேர்த்த அனுபவம்

ஒரு போயா நாள் இரவு. கல்லடியில் எங்கள் வீட்டு ஹோலில் 11 பேர். களுவாஞ்சிகுடியில் இருந்து சின்னம்மா குடும்பம், ஆரையம்பதியில் இருந்து மாமா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூவர். படத்தில் அடைமழை, அதற்குள் ஒரு சண்டை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன். டக் என்று ஒரு ஒலி, எல்லா ஸ்பீக்கரும் ஒன்றாக அடங்கிவிட்டன. படத்தின் ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான ரிசீவரின் முன்பக்கத்தில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் விட்டுப் போட்டேன், ஓடியது. அடுத்த சண்டையில் திரும்பவும் நின்றது. மீதிப் படத்தை ரிவியின் சொந்த ஸ்பீக்கரில்தான் பார்த்தோம்.

அந்த ரிசீவர், கட்டாரில் வேலை செய்த மைத்துனர் லீவில் வரும்போது கொண்டுவந்து தந்தது. 7 சனல். பெட்டியில் 90 வாட்ஸ் என்று பெரிய எழுத்தில் இருக்கும். ஏழு ஸ்பீக்கருக்கும் 90 வாட்ஸ் போகிறது என்றே மூன்று வருடமாக நம்பியிருந்தேன். அன்றிரவு எல்லாரும் படுத்த பிறகு கையேட்டை எடுத்து முதல் தடவையாக ஒழுங்காக வாசித்தேன். 90க்குப் பக்கத்தில் ‘8 ஓம், 2 சனல் இயங்கும்போது’ என்று சின்னதாக இருந்தது.

உள்ளே இருப்பது ஒரே ஒரு ட்ரான்ஸ்ஃபோமர். ஏழு சனலும் அந்த ஒரு கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுகின்றன. இரண்டு பேர் அள்ளினால் ஆளுக்கு ஒரு வாளி நிறையக் கிடைக்கும். ஏழு பேரும் ஒன்றாக அள்ளினால் கிடைக்காது. அதோடு என் முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் 4 ஓம். ஓம் என்பது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு. ஓம் பாதியானால் அதே வோல்டேஜுக்கு இழுக்கும் கரண்ட் இரண்டு மடங்கு. அதைக் கொடுக்கும் ட்ரான்சிஸ்டர்கள் சூடேறும். சூடு எல்லையைத் தாண்டும்போதோ, கரண்ட் அளவுக்கு மேல் போகும்போதோ ரிசீவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக நின்றுவிடும். பழுது எதுவும் இல்லை. அது செய்ய வேண்டியதைத்தான் செய்திருக்கிறது.

பிறகு ஒரு கொப்பித் தாளில் கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கை, ரிசீவருக்கு வெளியே தனியாக ஒரு அம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் காசைத் தொடுவதற்கு முன் போட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் முழுவதுமாகச் சொல்கிறேன்.

ஸ்பீக்கரின் தாளில் 86 டெசிபல் என்று இருந்தது. 2.83 வோல்ட் கொடுத்து 1 மீற்றர் தூரத்தில் அளந்த அளவு அது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் சரியாக 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்ட் 2 வாட்ஸ் ஆகிவிடும். ஆகவே 1 வாட்டுக்கு என்னுடையது 83 டெசிபல்தான். நான் இருக்கும் கதிரை மூன்றரை மீற்றர் தூரத்தில். வெட்டவெளியில் தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் விழும்; அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் அவ்வளவு விழாது. மொத்தமாக 8 டெசிபல் விழுவதாக வைத்துக்கொண்டேன். அப்படியென்றால் 1 வாட் கொடுத்தால் என் காதுக்கு வருவது 75.

ரிசீவரை மைக் வைத்து அளந்து சரிசெய்த பிறகு, வொலியூம் 0 என்று காட்டும் இடம் சினிமாத் தியேட்டரின் அளவு. அந்த அளவில் ஒரு முன் சனலின் உச்ச ஒலி 105 டெசிபல் வரை போகலாம். நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது -15இல். அங்கே உச்சம் 90. 75இல் இருந்து 90க்கு ஏற 15 டெசிபல் வேண்டும், அதற்கு 32 வாட்ஸ் அளவில் போதும். அன்றிரவு நான் கூட்டியது -10க்கு. அதற்கு 100 வாட்ஸ். 0க்குப் போக நினைத்தால் 1000 வாட்ஸ்! ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பலம் பத்து மடங்கு வேண்டும், ஆனால் காது அதை இரண்டு மடங்கு சத்தமாகத்தான் உணரும். வெளி அம்ப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் விட்டுவிடும் இடம் இதுதான். 90 வாட்ஸை 200 ஆக்கினால் கூடுவது மூன்றரை டெசிபல் மட்டும்.

சரி, அப்படியென்றால் அம்ப் எதற்கு? அதற்குப் பதில் சொல்ல முன், காசு செலவில்லாமல் நான் செய்த இரண்டு வேலைகளைச் சொல்ல வேண்டும்.

ரிசீவர் கண்ணாடிக் கதவு போட்ட சோகேஸுக்குள் இருந்தது. மட்டக்களப்பு வெயிலில் அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு சூடு சேரும் என்று யோசிக்காமல் வைத்திருந்தேன். வெளியே எடுத்து, மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு, திறந்த ராக்கையில் வைத்தேன். அடுத்தது, மெனுவில் முன் ஸ்பீக்கர்கள் ‘லார்ஜ்’ என்று இருந்தன. ஆள் உயர ஸ்பீக்கர் அல்லவா, லார்ஜ்தானே என்று விட்டிருந்தேன். அதை ‘ஸ்மோல்’ ஆக்கி, க்ரொஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். அதற்குக் கீழே உள்ள பேஸ் எல்லாம் சப்வூஃபருக்குப் போய்விடும். சப்வூஃபருக்குள் அதற்கென்றே சொந்த அம்ப் இருக்கிறது. படங்களில் கரண்டைக் கூடுதலாக உறிஞ்சுவது அந்தக் கீழ்ப்பகுதிதான். இந்த இரண்டும் செய்த பிறகு -12 வரை ரிசீவர் ஒரு தடவையும் நிற்கவில்லை. சில வீடுகளுக்கு இதுவே போதும், அம்ப் தேவைப்படாது.

மெனுவில் இம்பீடன்ஸை, அதாவது ஸ்பீக்கரின் ஓம் அளவை, 4 ஓம் என்று மாற்றும் இடம் ஒன்றும் இருந்தது. அது பலத்தைக் கூட்டும் என்று நினைத்துப் போட்டுப் பார்த்தேன். உண்மையில் அது உள் வோல்டேஜைக் குறைத்துச் சூட்டைக் குறைக்கிறது, பலமும் அதோடு குறைகிறது. சண்டைக் காட்சியில் ஒலி நசுங்கியது போல இருந்தது. திரும்ப எடுத்துவிட்டேன்.

ஆனாலும் சனம் நிறைந்த நாட்களில் -10 தேவைப்பட்டது. ஆட்கள் கூடினால் கதையும் சிரிப்பும் கூடும், வசனம் எடுபடாது.

ஆரையம்பதி மாமா முப்பது வருடமாகக் கோவில் சடங்குகளுக்கும் கலியாண வீடுகளுக்கும் ஸ்பீக்கர் செட் போடுகிறவர். வைகாசி மாதம் கண்ணகி அம்மன் குளிர்த்தி வந்தால் அவரை வீட்டில் காண முடியாது. அவரிடம் சொன்னேன்.

“அம்ப் ஒண்டு சும்மா கிடக்கு மருமகன், கொண்டு போய்ப் போட்டுப் பாரும். பிறகு வாங்குறதா இல்லையா எண்டு யோசிக்கலாம்” என்றார்.

அது இரண்டு சனல் மேடை அம்ப். இந்தப் பரீட்சை எனக்குப் பெரிய உதவி. வாங்காமலே ஒரு மாதம் பழகிப் பார்த்தேன். ஒன்று சொல்ல வேண்டும்: வெளி அம்ப் பூட்டுவதற்கு ரிசீவரின் பின்பக்கத்தில் ‘ப்ரீ அவுட்’ என்ற வரிசை, அதாவது உள் அம்ப் பெருக்குவதற்கு முந்திய சிக்னலை வெளியே தரும் துளைகள், இருக்க வேண்டும். விலை குறைந்த ரிசீவர்களில் பெரும்பாலும் சப்வூஃபருக்கு மட்டும்தான் அது இருக்கும். முன் இடது, நடு, முன் வலது என்று தனித்தனித் துளைகள் இருக்கின்றனவா என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மற்றக் கதை. ஸ்பீக்கர் வயரில் இருந்து சிக்னலைக் குறைத்து எடுத்துக் கொடுக்கும் சின்னப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கும். ஆனால் அவை ரிசீவரின் அம்ப்பைத் தாண்டி வந்த ஒலியைத்தான் எடுக்கின்றன. அதில் உள்ள நசுங்கலும் சேர்ந்தே வரும். நான் அதற்கு ஆதரவு இல்லை.

மாமாவின் அம்ப்பை முன் இடது, வலது இரண்டுக்கும் போட்டேன். -10இல் அதே மழைச் சண்டை. ரிசீவர் நிற்கவில்லை. மேலே கை வைத்தால் இளஞ்சூடு மட்டும். சுமை எங்கே இருந்தது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டு தொல்லை. மேடை அம்ப்பின் விசிறி ஓயாது. கோவில் வீதியில் அது யாருக்கும் கேட்காது, ஹோலுக்குள் ஒரு தாய் பிள்ளையிடம் மெதுவாகப் பேசும் காட்சியில் அந்த விசிறிதான் பெரிதாகக் கேட்டது. மற்றது, ம்ம்ம் என்ற இரைச்சல். படம் போடாத நேரத்திலும் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சுருதியில் நின்றது.

இந்த ம்ம்ம் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். வெளி அம்ப் பூட்டுகிறவர்களில் கணிசமானோர் மாட்டுப்படும் இடம் இது, உயிருக்கு ஆபத்தான தவறும் இங்கேதான் நடக்கிறது.

எங்கள் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50தான் ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று வரும். என் ரிசீவரின் பிளக்குக்கு இரண்டு பின், அதற்கு எர்த் இல்லை. அம்ப்புக்கு மூன்று பின், அது சுவரில் இருந்து எர்த் எடுக்கிறது. இதோடு நின்றால் பிரச்சினை இல்லை. ஆனால் ரிசீவருக்கு வேறு ஒரு வழியால் இன்னொரு எர்த் வந்துகொண்டிருந்தது. இரண்டு எர்த்துக்கும் இடையில் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால், இரண்டையும் இணைக்கும் சிக்னல் வயரின் வெளி உறையால் கரண்ட் ஓடும். ஸ்பீக்கரில் கேட்பது அந்த ஓட்டத்தைத்தான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்ன வழி, அம்ப் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடுவது. மாமாவிடம் கேட்டேன். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“எர்த்த வெட்டினா சத்தம் நிக்கும் மருமகன். உள்ளுக்கு ஒரு வயர் கழண்டு பொடியில பட்டா, தொடுற ஆளும் நிண்டு போவான். வீட்டுல சின்னப் பிள்ளையள் இருக்கு. அத மட்டும் செய்யாதையும்.”

அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவர் முறை எளிமையானது: ஒவ்வொரு வயராகக் கழற்று, எதைக் கழற்றினால் சத்தம் போகிறது என்று பார். ரிவியின் வயரைக் கழற்றினோம், சத்தம் அப்படியே. நெட் ரவுட்டர் வயர், அப்படியே. டிஷ் அன்டனாவின் வயரை டிகோடரில் இருந்து கழற்றினோம். ஹோல் அமைதியாகிவிட்டது. சின்ன வயதில் மாமா என்னைக் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் கூட்டிப்போய், துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவது கேட்க வேண்டுமென்றால் தோணியில் ஒருவரும் அசையக் கூடாது என்பார். படத்தில் உள்ள சின்னச் சின்ன ஒலிகளுக்கும் அந்த அமைதிதான் வேண்டும். வாட்ஸைக் கூட்டினால் அது வராது.

கூரையில் டிஷ் பூட்டியவர் அதன் தூணுக்குத் தனியாக ஒரு எர்த் கம்பி அடித்து விட்டிருந்தார். வீட்டுக்கு வேறு எர்த் கம்பி. இரண்டும் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. மாமா சொல்லி ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்தோம். வீட்டின் எர்த் கம்பியைத் தோண்டிப் பார்த்தால், வயரைப் பிடிக்கும் கிளாம்ப் உப்புக் காற்றில் இற்றுத் துரு மண்ணாகி இருந்தது. எங்கள் நிலம் கடற்கரை மணல், மேலே காய்ந்து கிடக்கும். காய்ந்த மணல் நல்ல எர்த் தராது. ஈரம் உள்ள ஆழத்துக்கு நீளமான புதுக் கம்பி இறக்கி, டிஷ் தூணின் எர்த்தையும் தடித்த வயரால் அதோடு சேர்த்துக் கட்டினார். அன்றோடு ம்ம்ம் போய்விட்டது. இத்தனை வருடமும் வீட்டில் பிரிட்ஜ், தண்ணீர் மோட்டர் எல்லாம் பெயருக்கு ஒரு எர்த்தோடு ஓடியிருக்கின்றன. அம்ப் வாங்குகிற ஆசை இல்லாவிட்டால் அது தெரியாமலே போயிருக்கும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வீடுள்ளவர்கள் அம்ப் வாங்காவிட்டாலும் அந்தக் கிளாம்ப்பை ஒரு தடவை பாருங்கள். ட்ரிப் சுவிட்ச்சின் பட்டனை மாதம் ஒரு தரம் அழுத்தி அது விழுகிறதா என்றும் பாருங்கள்.

வைகாசி பிறக்க மாமாவின் அம்ப் சடங்குக்குப் போய்விட்டது. சொந்தமாக வாங்க முடிவு செய்தேன். 2020இல் வந்த இறக்குமதிக் கட்டுப்பாடு, 2022இல் ரூபாய் விழுந்தது, எல்லாம் சேர்ந்து புதியது எட்டாத விலையில் இருந்தது. கொழும்பு முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் விசாரித்து, பாவித்த மூன்று சனல் அம்ப் ஒன்றைப் பிடித்தேன். 8 ஓமில் 200 வாட்ஸ், 4 ஓமில் 300. விசிறி இல்லை, பக்கவாட்டில் தடித்த அலுமினியத் தகடுகள். 20 கிலோவுக்கு மேல் பாரம். உதயதேவி ரயிலில் காலடியில் வைத்துக்கொண்டு மட்டக்களப்பு வந்து சேர்ந்தேன்.

பாவித்த அம்ப் வாங்கும்போது நான் முதலில் பார்த்தது பின்பக்கத் தகட்டை. 230 வோல்ட் என்று இருக்க வேண்டும். ஜப்பானில் இருந்து வருவது 100 வோல்ட், அமெரிக்காவில் இருந்து வருவது 120 வோல்ட். அதை நேரே சுவரில் செருகினால் அந்த நிமிடமே முடிந்துவிடும். அப்புறம் வோல்ட் அளக்கும் மல்டிமீற்றர் ஒன்றை டீசீக்கு (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) வைத்து, ஒன்றும் பூட்டாமல் ஒவ்வொரு ஸ்பீக்கர் முனையிலும் அளந்தேன். சில மில்லிவோல்ட்தான் காட்டியது. 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் நான் விட்டுவிட்டு வந்திருப்பேன், டீசீ அதிகமானால் ஸ்பீக்கரின் கொயிலைச் சுட்டுவிடும். கடைக்காரர் சம்மதித்தால் மூடியைக் கழற்றி, பெரிய கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்று சனல் எடுத்ததற்குக் காரணம் நடு ஸ்பீக்கர். வசனத்தின் பெரும்பகுதி அதில்தான் வருகிறது. ஆட்கள் பலர் இடது வலதுக்கு மட்டும் இரண்டு சனல் அம்ப் வாங்கிவிட்டு நடுவை ரிசீவரிலேயே விட்டுவிடுகிறார்கள். காசு இரண்டு சனலுக்குத்தான் இருக்கிறதென்றால் அதிலும் தவறில்லை, ரிசீவருக்குச் சுமை இறங்கும், நடுவுக்கும் இடம் கிடைக்கும். ஆனால் என் வீட்டில் அம்மாவுக்கு வசனம் விளங்க வேண்டும். அதுதான் முக்கியம் என்று பட்டது. பின் ஸ்பீக்கர்கள் நான்கும் ரிசீவரிலேயே இருக்கின்றன.

பூட்டி முடித்ததும் உடனே படம் போட்டுவிடாதீர்கள். வெளி அம்ப் சிக்னலைப் பெருக்கும் அளவு ரிசீவரின் உள் அம்ப்பின் அளவாக இருக்காது. மைக்கை வைத்து முழு அளவீட்டையும் திரும்பச் செய்ய வேண்டும். நான் செய்தபோது முன் சனல் மூன்றுக்கும் ரிசீவர் தனித்தனியாக வைத்த அளவு (மொத்த வொலியூம் அல்ல) -12 என்று காட்டியது. என் ரிசீவரில் அதற்குக் கீழே இறங்க வழியில்லை. அளவு சரியாக வந்ததா, அல்லது இறங்க இடமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாது. அம்ப்பின் பின்னால் உள்ள கெயின் திருகியைக் கொஞ்சம் குறைத்து மறுபடி அளந்தேன். -3 பக்கமாக வந்து நின்றது. ஸ்பீக்கரில் காதை வைத்தால் கேட்ட ஸ்ஸ் என்ற ஒலியும் அதோடு குறைந்துவிட்டது. கெயினைக் குறைத்தால் அம்ப்பின் பலம் குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். எவ்வளவு சிக்னலுக்கு முழுப் பலம் வரும் என்பதுதான் மாறுகிறது.

வித்தியாசம் என்ன என்று கேட்டால், மெதுவான சத்தத்தில் ஒன்றும் இல்லை. மருமகனைக் கொண்டு மாற்றி மாற்றிப் பூட்ட வைத்து, இரண்டையும் ஒரே சத்தத்துக்கு அளந்து வைத்துக் கேட்டேன். -25இல் எது அம்ப், எது ரிசீவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. -10இல் தெரிந்தது. ஆட்கள் கத்தும் இடத்தில் முன்பு குரல் கூர்மையாகிக் காதைக் கிழித்தது. இப்போது குரல் குரலாகவே இருக்கிறது, மழையும் அதற்குப் பின்னால் தனியாகப் பெய்கிறது. பின் ஸ்பீக்கர்களும் தெளிந்தன. அவற்றுக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை, ட்ரான்ஸ்ஃபோமர் முழுவதும் அவற்றுக்கே கிடைத்ததுதான். இரவு 10 மணிக்குப் பிறகு மெதுவாகப் பார்க்கிறவர் மட்டும் என்றால் அந்தக் காசை நடு ஸ்பீக்கரில் போடுங்கள், அல்லது தரைக்குத் தடித்த கம்பளம் வாங்குங்கள். எங்கள் ஹோல் முழுக்க டைல்ஸ். அம்மம்மாவின் பன்பாயை விரித்துப் பார்த்தேன், அது மெல்லியது, எதிரொலியை அடக்கவில்லை. தடித்த கம்பளமும் ஜன்னலுக்குக் கனத்த திரையும் போட்ட பிறகுதான் வசனத்தின் வால் அறுந்தது.

கரண்ட் விஷயத்தில் சில பழக்கங்கள் வந்துவிட்டன. போடும்போது ரிசீவர் முதலில், அம்ப் கடைசியில். நிறுத்தும்போது அம்ப் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் டும் என்று ஒரு குத்து விழும். இப்போது ரிசீவரில் உள்ள 12 வோல்ட் ட்ரிகர் துளையில் இருந்து அம்ப்புக்கு ஒரு மெல்லிய வயர் போட்டிருக்கிறேன், அதுவே ஒழுங்கில் போட்டு நிறுத்துகிறது. கரண்ட் போய் வந்தால் உடனே போடுவதில்லை, பத்து நிமிடம் விடுவேன். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் சுவர் பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றிவிட வேண்டும். பிளக்கை மட்டும் இழுத்துவிட்டு அந்த வயரை மறந்தால் மின்னலுக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்தது போலாகும்.

உப்புக் காற்று இங்கே எதையும் விடாது. ஆறு மாதத்தில் செப்பு வயரின் முனை பச்சை பிடித்துவிட்டது. இப்போது முனையை வெட்டிப் புதிதாகச் சீவி, தங்க முலாம் பூசிய ‘பனானா’ பிளக் பூட்டியிருக்கிறேன். தைப் பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது ஒரு தரம், குளிர்த்திக்கு முன்னால் ஒரு தரம் எல்லாப் பிளக்கையும் கழற்றித் துடைத்துப் பூட்டுகிறேன். பின் ஸ்பீக்கர்களுக்கும் ஒரு அம்ப் வாங்கலாமா என்று மைத்துனர் கேட்டார். ரிசீவரின் மேல் கையை வைத்துப் பார்த்தேன், படம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் வெறும் இளஞ்சூடுதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.